இருபது கோரும் ஆறு கரண்டியும்

லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் யாரும் முதல் நாளே "மேடம், இந்த மெஷின்ல எத்தன கோர்?" என்று கேட்காமல் விட்டதில்லை. போன வருஷம் நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும், கல்லூரிப் பக்கம் தலை காட்டினால் இதே கேள்விதான். பெண் பார்க்கப் போனவன் "வீட்ல எத்தன ரூம்?" என்று கேட்ட மாதிரி இருக்கிறது. முதலில் பெண்ணைப் பாருங்கள் அப்பா!

இந்தக் கேள்விக்கு நான் எண்ணைச் சொல்வதில்லை. ரேவதியின் கதையைச் சொல்வேன். எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் ஊர் வேங்கிக்கால் முழுக்கத் தெரிந்த சங்கதி, அதனால் டீயை வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ரேவதி எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்த தற்காலிக விரிவுரையாளர். கலசப்பாக்கம் பக்கத்து கிராமம். வீட்டில் முதலில் கல்லூரி வாசல் மிதித்தவள் அவள்தான். வருஷா வருஷம் கோடை விடுமுறை வந்தால், அடுத்த வருஷம் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று கோயில் கோயிலாகச் சுற்றுவாள். பாடம் எடுப்பதில் கெட்டிக்காரி. ஆனால் கெட்டிக்காரத்தனத்துக்கு யார் நிரந்தர ஆர்டர் கொடுக்கிறார்கள்?

அவள்தான் தன்னார்வக் கணிப்பு என்ற வேலையை எங்கள் கல்லூரிக்குக் கொண்டுவந்தாள். எங்கேயோ ஒரு ஆராய்ச்சிக் கூடம். பருவமழை இனி எப்படி மாறும் என்று கணக்குப் போட வேண்டும். கணக்கோ மலையளவு, அதைத் தனியாகப் போட்டு முடிக்க அவர்களிடம் மெஷின் இல்லை. அதனால் கணக்கைத் துண்டு துண்டாக நறுக்கி, விருப்பப்பட்டவர்களின் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். நம் மெஷின் சும்மா இருக்கிற நேரத்தில் அந்தத் துண்டைப் போட்டு முடித்து, கெடு தேதிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். கூலி கிடையாது, பாயிண்ட் மட்டும் உண்டு. என் பொறுப்பில் இருந்த பழைய லேபில்தான் முதலில் ஆரம்பித்தாள். மழை பொய்த்தால் என்ன ஆகும் என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாதிப் பேர் வீட்டில் கடலைக்காய் போட்டவர்கள். ஆர்வமாகச் சேர்ந்துகொண்டார்கள்.

எங்கள் தாளாளருக்கு மழையைவிடப் பாயிண்ட் பிடித்துப்போனது. நல்ல மனுஷர்தான். ஆனால் எங்கே எண் தெரிந்தாலும் அது ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. நுழைவாயிலில் பெரிய ஸ்க்ரீன் ஒன்றை மாட்டி, எந்த லேப் எத்தனை பாயிண்ட் என்று போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி வைத்தார். பிறகு ரேவதியையே மாடல் தேர்வு செய்யச் சொல்லி, ஒரு ஹால் நிறைய புது மெஷின்கள் வாங்கினார்.

புது லேபுக்குப் பூஜை போட்ட அன்று அவர் செய்த முதல் வேலை, எந்தக் கோர் எவ்வளவு வேலை செய்கிறது என்று மானிட்டரில் காட்டிய சின்னச் சின்னக் கட்டங்களை விரல் வைத்து எண்ணியது. ஒரு மெஷினுக்கு இருபது கட்டம். முகமெல்லாம் பல்.

"இருபதும் ஓடணும்மா. ஒண்ணுகூட சும்மா குந்தினு இருக்கக் கூடாது. நூறு பர்சன்ட் காட்டணும்" என்றார்.

"சரிங்க சார்" என்றாள் ரேவதி. தற்காலிக விரிவுரையாளர் வேறு என்ன சொல்வாள்?

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும், "பௌர்ணமி முடிஞ்ச திங்கக்கெழம கமிட்டி மீட்டிங். ரேவதி பர்மனென்ட் விஷயம் அன்னிக்கி எடுக்கறோம். அதுக்குள்ள புது லேப் பழைய லேப முந்திடணும். முந்தலன்னா செலக்சனே தப்புன்னு ஆயிடும். அப்புறம் பர்மனென்ட் பத்தி எங்கிட்ட பேசாதீங்க" என்று சொல்லிவிட்டார். விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. அவர் விளையாட்டாகச் சொன்ன எதையும் மறந்ததில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

புது மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. இருபது கட்டமும் உச்சியில் நின்றன. மாவு மில் மாதிரி ஃபேன் சத்தம். நுழைவாயில் ஸ்க்ரீனில் பழைய லேப் எண் ஏறிக்கொண்டே போனது. புது லேபுக்கு நேராக முட்டை! அடுத்த நாளும் முட்டை. டீ குடிக்கப் போகிற வாத்தியார்கள் எல்லாம் ஸ்க்ரீன் முன்னால் நின்று பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். காமர்ஸ் துறைத் தலைவர் என்னிடம் வந்து, "கோமதி மேடம், உங்க ஓட்ட வண்டி ஜெயிக்குது, அவங்க புது கார் ஷெட்டுலயே நிக்குது" என்றார். "உங்க பசங்க அரியரவிட எங்க ஓட்ட வண்டி கம்மியாத்தான் நிக்குது சார்" என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் ரேவதியின் முகத்தைப் பார்த்துவிட்டு நானே புது லேபுக்குப் போனேன்.

என் முதல் யோசனை சூடு. அட்டெண்டர் ஏழுமலை பூஜை அன்று ஒவ்வொரு கேபினெட் தலையிலும் சாமந்தி மாலை போட்டு, காற்றுப் போகிற ஓட்டையிலேயே சந்தனத்தை அப்பி வைத்திருந்தான். சூடு ஏறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிடித்துவிட்டேன் திருடனை என்று நினைத்துக்கொண்டு ஏழுமலையைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"மாலைய எல்லாம் கழட்டு!"

"பூஜ பண்ணி போட்ட மால மேடம். காயறதுக்குள்ள கழட்டுனா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாது."

"இன்னா ஆயிருக்குனு அந்த ஸ்க்ரீன்லயே தெரியுதே, போய்ப் பாரு."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். சந்தனத்தைத் துடைத்தான். சூடு நன்றாகவே இறங்கியது. பாயிண்ட்? அதே முட்டை. சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போது ஏழுமலை மாலைகளைத் திரும்ப எடுத்துவந்து, ஒவ்வொன்றாக, என் கண் எதிரிலேயே போட்டுவிட்டுப் போனான். கேபினெட்டுக்குப் போடாமல் மானிட்டருக்குப் போட்டான் என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

ரேவதி என்னை மாதிரி கத்துகிற ரகம் இல்லை. ஒரு மெஷின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதற்கு வந்திருந்த துண்டு வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெகு நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"மேடம், இத பாருங்க. இருபது வேலையும் ஆரம்பிச்சிருக்கு. ஒண்ணுகூட முடியல. எல்லாம் பாதியிலயே நிக்குது."

பிறகு அவள் சொன்னதை உங்களுக்கு என் பாஷையில் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். கோர் என்பது பிராசசருக்குள் உட்கார்ந்து வேலை செய்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பிராசசரில் கனமான கணக்குப் போடக்கூடிய பெரிய கோர் ஆறுதான். ஒவ்வொரு பெரிய கோரும் ஒரே சமயத்தில் இரண்டு வேலையைக் கையில் வைத்துக்கொள்ள முடியும் என்பதால், வெளியில் பார்க்க அது பன்னிரண்டாகத் தெரியும். ஆனால் கணக்குப் போடுகிற உறுப்பு ஒன்றுதான், அதை இரண்டு வேலையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மிச்சம் எட்டும் சின்னக் கோர்கள். கரண்ட் கம்மியாக இழுக்கும், லேசான வேலை செய்யும். ஆக மொத்தம் இருபது கட்டம்.

இந்த இருபதுக்கும் பொதுவாக, பக்கத்திலேயே ஒரு சின்னச் சேமிப்பு இடம் உண்டு. அதுதான் கேஷ். மழைக் கணக்கின் ஒவ்வொரு துண்டுக்கும் பெரிய எண் அட்டவணை வேண்டும். ஆறு அட்டவணை அங்கே கொள்ளும். இருபது கொள்ளாது. கொள்ளாதபோது ஒவ்வொரு எண்ணுக்கும் தூரத்தில் இருக்கிற ராம் என்ற பெரிய நினைவகத்துக்கு ஓட வேண்டும். இருபது வேலையும் ஒரே வழியில் ஓடினால் யார் போய்ச் சேருவது? எல்லாம் வழியிலேயே காத்துக் கிடக்கும். காத்துக் கிடப்பதும் மானிட்டரில் இருக்கிற மீட்டரில் நூறு பர்சன்ட் என்றுதான் தெரியும், அதுதான் இதில் உள்ள வேடிக்கை.

போதாக்குறைக்கு, தாளாளர் உத்தரவுப்படி ஏழுமலை சாயந்திரம் மெயினை இறக்கிவிடுவான். அணைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வேலையும் கடைசியாகப் பதிந்த இடத்துக்குப் பின்வாங்கும். என் பழைய மெஷினில் நாலே கோர், நாலே வேலை. காலையில் ஆரம்பித்துச் சாயந்திரம் முடித்து அனுப்பிவிடும். இங்கேயோ இருபது வேலை கெடு தேதியை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தன. கெடு தாண்டி அனுப்பினால் பாயிண்ட் கிடையாது.

ரேவதி ஒரே ஒரு மெஷினில் மட்டும் சோதித்துப் பார்த்தாள். ஆறு வேலை, அதுவும் பெரிய கோர்களில் மட்டும். மீட்டர் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே விழுந்தது. ஆனால் மதியச் சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் ஆறும் முடிந்துவிட்டன.

"ஆள் கூடினால் பாம்பு சாகாதுன்னு சும்மாவா சொன்னாங்க!" என்று நான் மேஜையைத் தட்டினேன்.

"எல்லா மெஷின்லயும் இப்பவே மாத்திடலாமா மேடம்? சார்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்."

இங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும். வழி தெரிந்துவிட்டது, கையில் மவுஸ் இருக்கிறது, நேரமில்லை. மாற்றிவிடத்தான் தோன்றும். ஆனால் தாளாளர் தினமும் லேபுக்குள் எட்டிப் பார்க்கிறவர். பாயிண்ட் முட்டையாக இருக்கும்போது மீட்டரும் விழுந்து கிடந்தால், "தோத்துப்போய் ஆஃப் பண்ணிட்டா" என்றுதான் நினைப்பார். ஒருவர் கண்ணுக்கு எண் இறங்கப்போகிறது என்றால், இறங்குவதற்கு முன்னாலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும். இறங்கிய பிறகு சொன்னால் அதற்குப் பெயர் சமாதானம். "கேட்டுட்டு செய்யலாம்" என்றேன்.

கேட்கப் போனால் தாளாளர் கல்லூரியில் இல்லை. அன்று வெள்ளிக்கிழமை, பௌர்ணமி. மாதா மாதம் அடி அண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்களுக்கு அன்னதானம் போடுவார். போனையும் எடுக்கவில்லை. என் ஸ்கூட்டரில் ரேவதியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு நடந்தோம். எங்கள் பக்கமிருந்து அடி அண்ணாமலைக்குக் குறுக்கு வழி என்றால் மலையை இடப்பக்கமாகச் சுற்றுகிற வழி. ஊர் உலகமே வலம் வருகிறது, நாங்கள் இரண்டு பேரும் எதிரில் போகிறோம்!

"எதிர்ல வராதம்மா, பாவம் சேரும்" என்றார் ஒரு பெரியவர்.

"வேல போச்சுன்னா அதவிட ஜாஸ்தி பாவம் தாத்தா" என்றேன். ரேவதி அன்று முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் சிரித்தாள்.

அன்னதானப் பந்தலில் தாளாளர் வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு அடுப்புப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் அன்னதானம் என்றால் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு தடவையாவது கரண்டி பிடிக்க வேண்டும். அரிசி கொடுத்தவர், அவர் மச்சான், மச்சான் வீட்டுச் சம்பந்தி, எங்கள் பழைய மாணவர்கள், எல்லோரும் புண்ணியத்துக்காக அடுப்பை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே தட்டோடு நின்ற வரிசை நகரவே இல்லை.

"யோவ், எல்லாரும் அடுப்பாண்ட வராதீங்கய்யா! இங்க ஆறு பேரு போதும். இப்பவே சாம்பார்ல உப்பு ரெண்டு வாட்டி உழுந்துடுச்சு!"

"எனக்கும் புண்ணியம் வேணாமா சார்?" என்றார் ஒருவர்.

"புண்ணியம் அப்பால வாங்கிக்கலாம். மொதல்ல வெளிய நிக்கற ஜனத்துக்கு சோறு போய்ச் சேரணும். நவுருங்க!"

நான் வாயைத் திறந்தேன். ரேவதி என் கையை அழுத்தி நிறுத்திவிட்டு, தானே ஒரு அடி முன்னால் போனாள்.

"சார், நம்ம புது லேப்லயும் உப்பு ரெண்டு வாட்டி உழுந்துடுச்சு சார்."

"இன்னாம்மா சொல்ற?"

"அங்க அடுப்பாண்ட இருபது பேரு நிக்கறாங்க. நெஜமா சமைக்கத் தெரிஞ்சவங்க ஆறு பேரு. சாமான் வெக்கற மேடை ஒண்ணுதான். ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுனு எல்லாரும் பாதி சமச்சிருக்காங்க. ஒரு தட்டுகூட வெளிய போல."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப மிச்சம் பதினாலு?"

"அதுல எட்டு பேரு எல எடுக்கறதுக்கு, தண்ணி ஊத்தறதுக்கு நல்லா இருப்பாங்க சார். மீதி ஆறு தனி ஆளே இல்ல. சமையக்காரங்களோட ரெண்டாவது கை."

"அப்புறம் எதுக்கு இருபதுனு காட்டுது?"

"அது காட்டும் சார்" என்றாள்.

அவர் அடுப்பைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். ஒன்றும் தெரியாத மனுஷர் இல்லை அவர். "சரி, பண்ணு. ஆனா திங்கக்கெழம திங்கக்கெழமதான். நம்பர் வரலன்னா கமிட்டில நான் ஒண்ணும் பேச முடியாது" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் சாம்பார் சாதம் கொடுத்து அனுப்பினார். உப்புக் கரித்தது.

திரும்பி வந்து பாதியில் நின்ற வேலைகளை ரத்து செய்ய வேண்டும். மவுஸ் மேல் விரல் வைத்த ரேவதி அப்படியே நின்றுவிட்டாள்.

"பாதி வெந்த சோத்த கீழ கொட்ற மாதிரி இருக்கு மேடம்."

"பந்தி முடிஞ்ச அப்புறம் வெந்தா இன்னா, வேகலன்னா இன்னா? இப்ப விட்டா அந்தத் துண்டு வேற யாருக்காவது போய் அவங்களாவது முடிப்பாங்க. அமுக்கு."

அமுக்கினாள், மெஷினுக்கு ஆறு வேலை மட்டும் ஓடும்படி மாற்றினாள். சனிக்கிழமை சாயந்திரம் மெயினை இறக்குவதற்குள், முடிந்த வேலைகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் போயின. ஓடிப்போய் ஸ்க்ரீனைப் பார்த்தோம். முட்டை!

ரேவதிதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். ஒரே துண்டை இன்னொரு தன்னார்வலருக்கும் அனுப்புவார்களாம். இரண்டு பேர் விடையும் ஒத்துப்போனால்தான் பாயிண்ட். எங்கள் விடை போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்தவர் விடைக்காகக் காத்திருந்தது. எந்த நாட்டிலோ, எந்த வீட்டிலோ மெஷினை அணைத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிற முகம் தெரியாத ஆளை, நான் வாயில் வந்தபடி திட்டினேன்.

"பாவம் மேடம், அவங்களும் நம்மள மாதிரி சும்மாதான் செய்யறாங்க" என்றாள் ரேவதி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். திங்கட்கிழமைக்கு நடுவில் இருந்தது ஞாயிறு ஒன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் நான் கேட்டுக்குள் வண்டியை விடும்போதே ஏழுமலை எதிரில் ஓடி வந்தான்.

"மேடம், ஏறிடுச்சு! நம்ம பழைய லேப தாண்டி எங்கியோ போயினு கீது! மாலைய நான் திரும்பப் போட்டேன் பாத்தீங்களா, அதான்!"

முகம் தெரியாத அந்த ஆட்களின் விடைகள் ஞாயிறன்றே வந்து ஒத்துப்போயிருந்தன, ஆனால் அதைச் சொல்லி அவனோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. ஸ்க்ரீன் முன்னால் ரேவதி நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் பழைய லேப் தோற்றதில் ஓரமாக ஒரு வருத்தம் இருந்ததென்னவோ நிஜம். ஆனால் அத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

கமிட்டி அறைக்கு அவளையும், லேப் பொறுப்பாளர் என்று என்னையும் கூப்பிட்டார்கள். ஆர்டர் தயாராக இருந்தது. தாளாளர் பேனாவைத் திறந்தார். திறந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு விஷயம்மா. இனிமே நீ நம்ம பர்மனென்ட் ஆளு. சுறுசுறுப்பான பொண்ணு. எக்ஸாம் செல், லேடீஸ் ஹாஸ்டல், பஸ் ரூட்டு, ஆண்டு மலர், அட்மிஷன் எல்லாம் நீயே பாத்துக்க. இன்னா?"

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எங்கள் கல்லூரியில் நிரந்தரம் என்றால் அதுதான் பொருள். நானும் அப்படித்தான் வந்தவள். "சரிங்க சார்னு சொல்லித் தொலையேன்" என்று மனசுக்குள் அவளைப் பிடித்து உலுக்கினேன். பேனா இன்னும் காகிதத்தைத் தொடவில்லை.

"சார், லேபும் எக்ஸாம் செல்லும் நான் எடுத்துக்கறேன்" என்றாள் ரேவதி. "ரெண்டையும் முடிச்சுக் காட்டுவேன். அதுக்கு மேல எடுத்தா, பாக்க நான் நாள் பூரா ஓடினு இருப்பேன் சார். ஒண்ணும் முடியாது."

தாளாளர் பேனாவை மூடினார். ஆர்டரைத் தன் பக்கம் திருப்பி ஒரு தடவை படித்தார். மறுபடியும் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டு, அவள் பக்கம் தள்ளினார்.

"ரெண்டு போதும்மா. போய் முடி" என்றார். பிறகு மேஜையைச் சுற்றிப் பார்த்து, "அப்ப லேடீஸ் ஹாஸ்டல் யாரு பாக்கறது?" என்றார். காமர்ஸ் துறைத் தலைவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். மற்றவர்கள் தங்கள் கை ரேகையைப் பார்த்தார்கள். கடைசியில் தாளாளர் பார்வை வழக்கம்போல என்னிடம் வந்து நின்றது.

"இல்லங்க சார், என்னால முடியாது" என்றேன். வேலைக்குச் சேர்ந்து அத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.